நாலாம் மாடி விண்கப்பல்

சின்ன டாக்டரின் குற்றச்சாட்டு இதுதான்: அப்பா கட்டும் விண்கப்பல் அளவுக்கு மீறி நன்றாக இருக்கிறது.

அப்பா என்பவர் பெரிய டாக்டர். நாற்பத்தொரு வருஷம் ஊராரின் பற்களைப் பிடுங்கியும் அடைத்தும் வாழ்ந்தவர். எழுபது வயதானதும் மகள் அவரைச் சுழல் நாற்காலியிலிருந்து எழுப்பி, ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவளும் பல் டாக்டர்தான். அதே கிளினிக், அதே நாற்காலி. ஒரு மாதம் வீட்டில் ஒரே ரகளை. கடைசியில் பெரிய டாக்டர் ஒரு பந்தயம் கட்டினார். கடையில் கிடைப்பதிலேயே கஷ்டமான பிளாஸ்டிக் விண்கப்பல் ஒன்றை வாங்கித் தனியாகக் கட்டி முடித்து, அதற்குள் விளக்கும் எரியவைத்துக் காட்டுவார். காட்டிவிட்டால் நாற்காலியைத் திருப்பித் தர வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள், இருநூற்றுப் பதினெட்டு ஜன்னல்கள். பல்லுக்குள்ளேயே ஓட்டை போட்டவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று பெட்டியைத் தட்டிச் சொன்னாராம்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. கப்பல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மகள் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், வாயைத் திறக்கச் சொல்லாத குறையாகப் பார்த்தாள். யாரோ உதவி செய்கிறார்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

"அதனால ஒரு வெளி ஆள் வந்து சோதிச்சு, என்னைத் தவிர யாரும் கப்பல் இருக்கிற ரூமுக்குள்ள போகலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்," என்றார் பெரிய டாக்டர். "ஞாயித்துக்கிழமை விளக்கு ஏத்திக் காட்டணும். திங்கட்கிழமை நான் நாற்காலியில உக்காரணும்."

இதைச் சொன்னபோது அவர் கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள் இருந்தன. எதிரே வைத்த தேநீர் ஆடை கட்டிவிட்டது. அவர் தொடவே இல்லை. துப்பறியும் நிலைய மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த உதவியாளர் வாலு இரண்டையும் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. முன்பு துணி துவைக்கும் மெஷின் கம்பெனியில் எட்டு வருஷம் புகார் ஃபோன் எடுத்தவள். ஒருத்தர் மெஷினைப் பற்றிப் பேசும்போது மாமியாரைப் பற்றிப் பேசுகிறாரா என்று இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

அவளுடைய அக்கா கணவர்தான் துப்பறிவாளர். இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் எரிந்த மெத்தைகளையும் நசுங்கிய கார்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பழகியவர். ஓய்வுபெற்ற பிறகும் கண்ணாடியைக் கீழே வைக்க மனசு வரவில்லை. லென்ஸ் என்ற பட்டப்பெயரைப் போர்டிலேயே எழுதித் தொங்கவிட்டுத் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டார். வாலுவை உதவியாளராகச் சேர்த்தது அவரா, அவளே சேர்ந்துகொண்டாளா என்பது குடும்பத்தில் இன்னும் முடிவாகாத வழக்கு.

லென்ஸ் எழுந்து நின்று, இது தன் தொழில்வாழ்க்கையிலேயே மிக நுட்பமான வழக்கு என்று அறிவித்தார். போன மாதம் காணாமல்போன தையல் மெஷினைத் தேடியபோதும் இதையேதான் சொன்னார் என்று வாலு நினைவுபடுத்தினாள். பெரிய டாக்டர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அது எதற்கான நிம்மதி என்று வாலுவுக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மூவரும் அந்தக் கட்டடத்தின் லிஃப்டில் ஏறினார்கள். தரைத்தளத்தில் கிளினிக், முதல் மாடியில் டாக்டரின் வீடு. நாலாம் மாடிதான் கடைசி. லிஃப்டின் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையில்தான் விண்கப்பல். டாக்டருக்கு முழங்கால் சரியில்லை. லிஃப்ட் இல்லாவிட்டால் அந்த அறை தனக்கும் விண்வெளிதான் என்றார்.

அறையின் ஒரு பக்கம் கிளினிக்கின் பழைய அலமாரி. மற்றொரு பக்கம் ஜன்னலையொட்டி நீள மேஜை. மேஜைமேல் சின்ன வெட்டுக்கத்திகள், உப்புத்தாள், பெயின்ட் புட்டிகள், பல் குடையும் ஊசிகள், வெளிச்சம் கடத்தும் முடி கனத்து ஒளி இழைகள். நடுவில் விண்கப்பல் நின்றது. ஒரு ஆள் கை நீளம். அடியில் நாலு இஞ்சின்கள், நடுவில் கோபுரம் மாதிரி ஒன்பது அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் ஊசிமுனை அளவு ஜன்னல்கள். சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்து, நிஜமாகவே நாலைந்து கிரகத்துக்குப் போய்வந்த மாதிரி அங்கங்கே லேசாகக் கரி தீற்றி, இணைப்பே தெரியாமல் தேய்த்திருந்தது.

ஒரே ஒரு இஞ்சின் மட்டும் கோணலாக இருந்தது. பசை வழிந்து, அதில் கட்டைவிரல் ரேகை அப்படியே காய்ந்திருந்தது.

"இந்த ஒரு இஞ்சினை மட்டும் யாரு அத்தான் உதைச்சது?" என்றாள் வாலு.

அது தான் முதன்முதலில் ஒட்டியது, அப்போது கை பழகவில்லை என்று டாக்டர் அவசரமாகச் சொன்னார். லென்ஸ் குனிந்து ரேகையைப் பார்த்து, டாக்டரின் கட்டைவிரலைக் காட்டச் சொன்னார். டாக்டர் பைக்குள்ளிருந்து கையை எடுக்காமல், ரேகை தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டார். குற்றவாளி ஒத்துக்கொண்ட திருப்தியில் லென்ஸ் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.

பிறகு டாக்டர் முழங்கையால் சுவிட்சை அழுத்தினார். கப்பல் எரிந்தது. வாலு தன்னை மறந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். கப்பலின் சுவர் எங்கும் வெளிச்சம் கசியவில்லை. மெல்லிய பிளாஸ்டிக்குக்குப் பின்னால் விளக்கு வைத்தால் மொத்தக் கப்பலும் தர்பூசணிக்குள் மெழுகுவர்த்தி வைத்த மாதிரி சிவந்துவிடும் என்றும், அது வராமலிருக்க உள்பக்கம் முழுக்கக் கறுப்பு அடிக்க வேண்டும் என்றும் டாக்டர் விளக்கினார். புத்தகத்தைப் படித்து ஒப்பிப்பது போலிருந்தது.

விளக்குகள் ஒன்றாக எரியவில்லை. முதலில் அடிவரிசை, பிறகு அதற்கு மேல், அதற்கும் மேல் என்று ஏறின. ஐந்தாவது வரிசையில் நின்றன. கொஞ்ச நேரம் யோசித்த மாதிரி நின்றுவிட்டு, அதே வழியில் இறங்கின. மேலே மிச்சமிருந்த நாலு வரிசையும் இருட்டாகவே கிடந்தன. பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தில் ஒன்பது வரிசையும் வரிசையாக எரிவதாகப் படம் போட்டிருந்தது. வாலு கேட்டாள். மேலே இருப்பவர்கள் தூங்குகிறார்கள் என்று டாக்டர் சொன்னார்.

அதற்குள் லென்ஸ் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டிருந்தார். கையில் நாலைந்து துண்டு ஒயரோடு நிமிர்ந்தார். ஒயரின் மேல்தோலைக் கத்தியால் சீவவில்லை, பல்லால் கடித்து உரித்திருந்தார்கள். சிவப்புத் தோலில் பல் பதிந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. லென்ஸுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. பல் தடயம். பக்கத்திலேயே நாற்பத்தொரு வருஷப் பல் நிபுணர். இப்படி ஒரு கொடுப்பினை எந்தத் துப்பறிவாளனுக்கும் வாய்த்திருக்காது என்று சொல்லி, பூதக்கண்ணாடியையும் சேர்த்து டாக்டர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"எலி," என்றார்.

லென்ஸ் உடனே எலிப்பொறி வாங்கிவரத் தீர்மானித்தார்.

பதினோரு மணி ஆகப்போகிறது, லிஃப்டைப் பராமரிப்புக்கு நிறுத்திவிடுவார்கள் என்று டாக்டர் அவர்களை விரட்டிக்கொண்டு கீழே வந்தார். அவர் முதல் மாடியில் இறங்கி வீட்டுக்குள் போக, இவர்கள் தரைத்தளத்துக்கு வந்ததும் லிஃப்டின் விளக்கு அணைந்தது. நீலச் சட்டை போட்ட லிஃப்ட் மெக்கானிக் 'பழுது' என்ற அட்டையைக் கதவில் மாட்டினார். ஒல்லியான மனுஷன். வலது கன்னம் மட்டும் ஒரு எலுமிச்சம்பழத்தை ஒதுக்கி வைத்த மாதிரி உப்பியிருந்தது. தாடையிலிருந்து உச்சந்தலைக்குக் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தார். எப்போது சரியாகும் என்று வாலு கேட்டதற்கு ஒரு விரலைக் காட்டினார். ஒரு மணிக்கா என்றதற்குத் தலையாட்டினார். பல் வலியா, கீழேயே கிளினிக் இருக்கிறதே என்றதற்கு, பேயைப் பார்த்த மாதிரி அவளைப் பார்த்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

காவலாளியிடம் விசாரித்தார்கள். அந்த ஆளுக்கு இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி ஒரு வேகம். மூன்று மாதமாக இந்த லிஃப்ட் தினமும் பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை படுத்துவிடுகிறது, இரண்டாம் மாடி அம்மா தினம் தன்னைத்தான் திட்டுகிறார், மெக்கானிக்கைக் கேட்டால் வாயைத் திறப்பதில்லை என்று புலம்பித் தீர்த்தார்.

எலிப்பொறியோடு திரும்பி வந்தபோது மணி ஒன்றே கால். லிஃப்ட் உயிரோடு இருந்தது, ஆனால் யாரோ மேலே அழைத்திருந்தார்கள். இருவரும் கதவுக்கு முன்னால் நின்றார்கள். லென்ஸ் எலியின் மனநிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாலு கதவுக்கு மேலிருந்த விளக்குப் பட்டையை அண்ணாந்து பார்த்தாள். தரை, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலில் நின்றது. கொஞ்ச நேரம் யோசித்த மாதிரி நின்றுவிட்டு, அதே வழியில் இறங்கியது.

அவள் லென்ஸின் கையைப் பிடித்தாள். "அத்தான், விண்கப்பல் வருது பாருங்க."

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வாலு அவரைப் படிக்கட்டு ஓரமாக உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். கப்பலில் ஒன்பது அடுக்கு இருந்தும் விளக்கு ஐந்து அடுக்கோடு நிற்கிறது. ஏனென்றால் அந்த விளக்கை ஓட்டும் மின்பலகைக்கு ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாது. இந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்கும் ஐந்து நிறுத்தம்தான். லிஃப்டிலிருந்து கழற்றிப் போட்ட, மாடி காட்டும் பழைய விளக்குப் பலகை யார் கையில் இருக்கும்? அதோடு, டாக்டரால் மாடிப்படி ஏற முடியாது. லிஃப்டை நிறுத்திவிட்டால் அந்த இரண்டு மணி நேரம் டாக்டர் மேலே வரமாட்டார் என்பது யாருக்குத் தெரியும்? லிஃப்ட் பழுதாகவே இல்லை. யாரோ வேலை பார்க்கப் போவதற்காக அது தினமும் பழுதாக்கப்படுகிறது.

லென்ஸ் நெற்றியைத் தடவினார். "அப்ப எலி?"

"எலிக்கு லிஃப்ட் ஓட்டத் தெரியாது அத்தான். அதைவிட, பல்லைப் பார்த்தே பொழைச்ச மனுஷன் மனுஷப் பல்லைப் பார்த்து எலின்னு சொன்னாரே, அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, எலிப்பொறி வைக்க டாக்டர் கொடுத்திருந்த சாவியால் திறந்து இருவரும் அறைக்குள் போய் உள்பக்கம் பூட்டிக்கொண்டார்கள். வாலு மேஜைக்கு அடியில் தொங்கிய துணிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். லென்ஸ் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்தார். நுழைந்ததும், வெளியே வர யாராவது அலமாரியை நகர்த்த வேண்டியிருக்கும் என்பது அவருக்கே தெரிந்தது. ஆனால் துப்பறிவாளன் மானம் என்று ஒன்று இருக்கிறதே, பேசாமல் இருந்துவிட்டார்.

பதினொன்றுக்குப் பக்கத்து அறையில் மோட்டாரின் உறுமல் அடங்கியது. சற்று நேரத்தில் இந்த அறைப் பூட்டில் சாவி திரும்பியது. உடைக்கவில்லை, நெம்பவில்லை, சொந்த வீட்டைத் திறக்கிற மாதிரி சாதாரணமாகத் திரும்பியது. கட்டடம் கட்டியபோது டஜன் கணக்கில் வாங்கிய ஒரே ரகப் பூட்டு. மோட்டார் அறைச் சாவி இதற்கும் பொருந்தியது. வாலு துணி இடுக்கில் பார்த்தாள். நீலச் சட்டைக் கைகள் ஒரு பையை வைத்தன. பிறகு அந்த ஆள் கழுத்தில் எதையோ கட்டிக்கொண்டார். பச்சை நிறக் காகிதத் துண்டு, இரண்டு பக்கமும் கிளிப். பல் டாக்டர்கள் நோயாளியின் மார்பில் கட்டுகிற அதே துண்டு.

மெக்கானிக் வேலையை ஆரம்பித்தார். வாலு பிடித்துக் கொடுக்க வந்தவள். ஆனால் பதினைந்து நிமிஷம் அவள் அசையவில்லை. அந்த ஆள் ஒளி இழையை ஜன்னல் ஓட்டைக்குள் செருகி, ஒரு சொட்டுப் பசை வைத்து, மூச்சை அடக்கிக் காத்திருந்து, நுனியைச் சீராக நறுக்கினார். ஒரு ஜன்னல் முடிந்ததும் தலையைச் சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டார். ஒயரை இடது பக்கப் பல்லால் கடித்து உரித்தார். ஒரு தடவை தவறிப்போய் வலது பக்கம் பட்டுவிட்டது. மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, சத்தமே இல்லாமல் நின்றார். பிறகு மறுபடி வேலை.

கடைசியாக, கப்பலின் எண் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படத்தைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துப் பக்கவாட்டில் வைத்தார்.

"அது தலைகீழா இருக்கு," என்றது அலமாரி.

மெக்கானிக் பார்த்தார். ஆமாம், தலைகீழ்தான். ஈரத் தூரிகையால் அதைத் திருப்பி ஒட்டிவிட்டு, நன்றி சொல்வதற்காக நிமிர்ந்தபோதுதான் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது அவருக்கு உறைத்தது. வாலு மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, பயப்படாதீர்கள், முதலில் அந்த அலமாரியை ஒரு கை பிடியுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். பிடிபட்டவரும் பிடித்தவளுமாகச் சேர்ந்து துப்பறிவாளரை மீட்டார்கள்.

விசாரணை எளிதாக இல்லை. மெக்கானிக்கால் பாதி வாய்தான் திறக்க முடிந்தது. பாதி பேச்சும் பாதி சைகையுமாக விஷயம் வந்தது. இருபத்தாறு வருஷமாக அவர் பெரிய டாக்டரைத் தவிர யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. ஐந்து மாடி உயரத்தில் ஒற்றைக் கம்பியில் தொங்கி வேலை பார்ப்பார், பயமில்லை. பல் டாக்டரின் நாற்காலி என்றால் வந்த வழியே ஓடிவிடுவார். பெரிய டாக்டரிடம் மட்டும் எப்படியோ வலி தெரிந்ததில்லை. அவர் ஓய்வு பெற்ற அடுத்த வாரமே கடைவாய்ப் பல்லில் வலி கிளம்பியது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சின்ன டாக்டரிடம் ஒரு தடவை போனார். அவள் இவர் மார்பில் பச்சைத் துண்டைக் கட்டிவிட்டு ஊசியை எடுக்கத் திரும்பினாள். திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலி. அந்தத் துண்டுதான் இது.

பந்தயம் எப்படித் தெரியும் என்று லென்ஸ் கேட்டார். அப்பாவும் மகளும் அதை லிஃப்டுக்குள் நின்றுதான் பேசினார்களாம். அப்போது இவர் லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா மொத இஞ்சினை ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்," என்றார் மெக்கானிக். "ஐயாவுக்குக் கண்ணு தெரியலை போலருக்கு, கண்ணாடி மாத்தாம இருக்காரு போலருக்குன்னு நெனைச்சேன். இப்படியே போனா கப்பலும் முடியாது, என் பல்லும் முடியாது. அதான்."

அப்போது படிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது. யாரோ ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் வீதம் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். சத்தம் நாலாம் மாடிக்கு வர வெகுநேரமாயிற்று. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பெரிய டாக்டர். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. பத்தே முக்காலுக்கு மேலே போன இருவரும் இறங்கவில்லை, பதினொன்றுக்கு லிஃப்டும் நின்றுவிட்டது என்றதும் வீட்டிலிருந்து கிளம்பி, நின்று நின்று ஏறி வந்திருக்கிறார்.

"எலிதான்னு நான் நேத்தே சொன்னேனே சார்," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "நீங்க ஏன் மெனக்கெட்டீங்க?"

வாலுவுக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் விளங்கியது. டாக்டர் மாதக்கணக்கில் முன்பே, முதல் ஒயரைக் கண்ட அன்றே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். அவளே கேட்டாள். டாக்டர் மறுக்கவில்லை. மேல் இடது கோரைப்பல், அதில் ஓரமாக ஒரு சின்ன அடைப்பு. அதை வைத்ததே அவர்தான். எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்கிற மாதிரி, கடியைப் பார்த்தால் அவருக்கு ஆள் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தார். தினமும் பதினொன்றுக்கு முன்னால் அறையைக் காலி செய்துகொடுத்தார்.

"அப்ப எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார் லென்ஸ்.

டாக்டர் தயங்கினார். மகளுக்குக் காட்ட ஒரு கையெழுத்து வேண்டும், ஆனால் உண்மையைக் கண்டுபிடிக்காத ஆளாகவும் இருக்க வேண்டும். நாலு பேரிடம் விசாரித்தார். நாலு பேரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்.

லென்ஸ் கண்ணாடியை எடுத்து, அழுக்கே இல்லாத அதைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். வாலுவுக்குச் சுருக்கென்றது. அந்த நாலு பேர் சொன்னது தப்பு, கண்டுபிடித்தாயிற்றே என்று டாக்டரிடம் வெடுக்கென்று சொன்னாள். கண்டுபிடித்தது யார் என்று அவள் சொல்லவில்லை. லென்ஸும் சொல்லவில்லை. ஆனால் துடைப்பதை நிறுத்தினார்.

மெக்கானிக்குக்கு இதெல்லாம் காதில் ஏறவேயில்லை. டாக்டரைப் பார்த்த சந்தோஷத்தில் பக்கத்தில் போய், ஒன்பது அடுக்குக்கும் பலகை கிடைக்கவில்லை, மன்னிக்க வேண்டும், மற்றபடி எல்லாம் முடிந்தது, இனி திங்கட்கிழமை ஐயா பல்லை எடுத்துவிடலாம் என்று சொல்லி, அவரை உட்காரவைக்கக் கையைப் பிடித்து இழுத்தார். கோட்டுப் பைக்குள்ளிருந்து டாக்டரின் கை வெளியே வந்தது.

அது நடுங்கியது. ஏறி வந்த களைப்பில் வருகிற நடுக்கம் இல்லை. மெக்கானிக்கின் பிடிக்குள்ளேயே அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்தார். தொடாத தேநீர், முழங்கையால் அழுத்திய சுவிட்ச், கோணல் இஞ்சின் எல்லாம் வாலுவின் குறிப்பேட்டில் ஓரமாகக் கிடந்தன. அவள் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியும்னு நெனைச்சேன்," என்றார் டாக்டர். "தெரிஞ்சுதான் நீ என் மேல இரக்கப்பட்டுச் செய்யறியோன்னு நெனைச்சேன்."

மெக்கானிக் இல்லையென்று தலையாட்டினார். மூன்று மாதமாக இந்தக் கைக்காகத்தான் அவர் இருநூற்றுப் பதினெட்டு ஜன்னல் வைத்தார். இப்போது அந்தக் கையை விடவும் மனசு வரவில்லை, அதைத் தன் வாய்க்குள் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. இந்த நடுக்கம் ஒரு வருஷமாக இருக்கிறது, மகளிடம் சொல்லவில்லை, சொன்னால் உண்மையாகிவிடும் போல இருந்தது என்று டாக்டர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

சொல்லி முடிப்பதற்குள் மகளே வந்து நின்றாள். அப்பா படியேறிப் போகிறார் என்று காவலாளி கிளினிக்கில் போய்ச் சொல்லியிருக்கிறார். வெள்ளைக் கோட்டோடு இரண்டிரண்டு படியாக ஓடி வந்திருந்தாள். அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகுதான் அறையில் இருந்த மற்றவர்களைப் பார்த்து, இவர்கள் யார், என்ன நடக்கிறது என்று கேட்டாள்.

லென்ஸ் வாயைத் திறந்தார். வாலு அவர் காலை மிதித்தாள். தான் சொல்ல வேண்டிய செய்தி இல்லை அது, லென்ஸ் சொல்ல வேண்டியதும் இல்லை.

பெரிய டாக்டர் கையை மகளுக்கு முன்னால் நீட்டினார். "இந்தக் கப்பல்ல நான் ஒட்டுனது ஒரே ஒரு இஞ்சின்மா. அதுவும் கோணல். திங்கட்கிழமை நான் உக்கார மாட்டேன்."

மகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முகம் மாறியது. ஆனால் அழவில்லை. கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, ஏன்ப்பா சொல்லவில்லை என்று மட்டும் கேட்டாள்.  அடுத்து அவள் பார்வை மெக்கானிக்கின் கன்னத்தில் போய் நின்றது, பிறகு அவர் கழுத்தில் கிடந்த பச்சைத் துண்டில். இந்தத் துண்டைத்தான் மூன்று மாதமாகக் கணக்கில் காணவில்லை என்றாள்.

உடனே எடுக்க வேண்டிய பல், இன்னும் நாள் கடத்தினால் தாடை எலும்புக்குப் போய்விடும் என்று அவள் சொன்னதும் மெக்கானிக் சுவரோடு ஒட்டிக்கொண்டார். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். லென்ஸ் கெஞ்சிப் பார்த்தார். வாலு ஜோக் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"எங்க, ஆ காட்டு," என்றார் பெரிய டாக்டர், பழக்கதோஷத்தில், எதையோ யோசித்துக்கொண்டே.

மெக்கானிக்கின் வாய் தானாகத் திறந்தது. இவ்வளவு நேரம் பாதிதான் திறந்த வாய், இப்போது முழுசாகத் திறந்தது. அவருக்கே ஆச்சரியம். மகள் அப்பாவையும் அந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மெக்கானிக் போய் லிஃப்டை ஓடவிட்டார். ஐந்து பேரும் இறங்கினார்கள். கிளினிக் நாற்காலியில் அவர் சாய்ந்ததும் மகள் ஒரு பக்கம் உட்கார்ந்தாள். மறுபக்கம் ஒரு முக்காலியைப் போட்டு, அப்பாவை உட்காரச் சொன்னாள். பெரிய டாக்டர் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். பயத்தில் அந்தக் கையும் உதறிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து நடுங்கியதில் யாருடைய நடுக்கம் எது என்று தெரியவில்லை.

வாலுவும் லென்ஸும் வெளியே, காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. பெரிய டாக்டரின் குரல் நிதானமாகக் கேட்டது. வேலை பார்த்த காலமெல்லாம் அப்படித்தான் பேசிக்கொண்டே இருப்பாராம். கையைவிட வாய்தான் அதிகம் ஓடும் என்று பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் சொன்னார்.

"அப்ப எனக்கு இருபத்தொம்பது வயசு. தொழில்ல மொத நாள். மொத ஆள் உள்ள வர்றாரு. பின்னாடி எனக்கு மாமனாரா வரப்போற மனுஷன், அது அப்ப தெரியாது. எனக்கு ஒரே பதற்றம். ஊசி போட்டேன், இடுக்கியை எடுத்தேன், பிடுங்கினேன். பார்த்தா, பக்கத்துப் பல்லு. நல்ல பல்லு. அவரு எழுந்திரிச்சு, கண்ணாடியில வாயைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு..."

உள்ளே தட்டில் ஏதோ 'டிக்' என்று விழுந்தது. முடிந்தது, எழுந்திருக்கலாம் என்று மகள் சொல்வது கேட்டது. பெரிய டாக்டரும் பேச்சை நிறுத்திவிட்டார். நாற்காலி நிமிரும் சத்தம் வரவில்லை. யாரும் வெளியே வரவும் இல்லை. வாலு எழுந்து கதவிடுக்கில் பார்த்தாள். பல் தட்டில் கிடந்தது. மெக்கானிக் வாயில் பஞ்சோடு அப்படியே சாய்ந்து கிடந்தார், டாக்டரின் கையை விடாமல்.

"அப்ப்புறம் மாமனாரு என்ன சொன்னாரு?" என்றார், பஞ்சுக்குள்ளிருந்து.

மகள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்கப்பா. தாத்தா பத்தி இதை எங்கிட்ட சொன்னதே இல்லையே நீங்க."